மணி அடித்தால் யார் வருவார்கள்?

2022 பிப்ரவரி 22. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் தன்னுடைய 3ஜி செல்போன் சேவையை நிறுத்திய நாள். கையில் இருக்கும் போனைப் பெரும்பாலோர் எப்போதோ மாற்றிவிட்டார்கள். மாட்டிக்கொண்டது சுவரில் இருந்த பெட்டிகள்தான். வீட்டுத் திருட்டு அலாரங்கள் பலவற்றுக்குள்ளே ஒரு 3ஜி மோடம் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குப் பிறகும் அந்தப் பெட்டிகள் வழக்கம்போலத்தான் வேலை செய்தன. கதவைத் திறந்தால் 'டிங்' என்று சத்தம் வரும். ரகசிய எண் கேட்கும். எண்ணைத் தப்பாக அழுத்தினால் சைரன் தெருவையே எழுப்பும். பேனலின் ஓரத்தில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும், அவ்வளவுதான். ஆனால் சேதி மட்டும் வீட்டை விட்டு வெளியே போகாது.

அலாரம் தொழில்காரர்கள் முந்தைய ஆண்டே அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் போய் நின்றார்கள். கோவிட் காலத்தில் வீடுகளுக்குள் ஆள் அனுப்ப முடியவில்லை, இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. கெட்டுப்போகாத சாமான்களை லட்சக்கணக்கான வீடுகள் மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனபோது கிடைத்தவற்றின் தொகுப்புதான் இந்தக் கட்டுரை. வீட்டு அலாரத்தின் வரலாறு சுமார் 170 ஆண்டு நீளம். அதில் மணியும் கதவில் வைக்கும் விசையும் பெரிதாக மாறவே இல்லை என்று சொல்லலாம். திரும்பத் திரும்ப மாறியது இரண்டு விஷயம்: சேதி போகும் பாதை, சேதி கேட்டு வரும் ஆள். பழைய அலாரத்தைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியதும் இந்த இரண்டைத்தான்.

பாதிரியாரும் கடைக்காரரும்

மின்சாரத் திருட்டு மணிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டனை ஒட்டிய சாமர்வில் ஊரில் யூனிடேரியன் சபையின் பாதிரியார். காப்புரிமை தேதி 1853 ஜூன் 21. தந்தி வந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம். வீடுகளில் மின்விளக்கு வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அதாவது, பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் மின்சாரம் விளக்குக்காக வரவில்லை, திருடனுக்குப் பயந்து வந்தது.

போப் செய்தது எளிமையானது. ஒரு பேட்டரி, ஒரு மின்காந்தம், ஒரு பித்தளை மணி. ஒவ்வொரு கதவிலும் ஜன்னலிலும் ஒரு விசை. கதவு சாத்தியிருக்கும்போது மின்சுற்று அறுந்திருக்கும். கதவு திறந்ததும் விசை ஒட்டிக்கொள்ளும், மின்னோட்டம் பாயும், காந்தம் அதிரும், மணி அடிக்கும். நம் வீட்டு வாசல் காலிங் பெல்லை, அழுத்த வேண்டிய பொத்தான் கதவிடுக்கில் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் போதும்.

கண்டுபிடித்தவர் ஒருவர், காசு பார்த்தவர் இன்னொருவர் என்பது இந்தக் கதையிலும் உண்டு. 1857 இல் பாஸ்டன் வியாபாரி எட்வின் ஹோம்ஸ் அந்த உரிமையை போப்பிடமிருந்து வாங்கினார். கருவிகளைச் செய்து கொடுத்தது பாஸ்டன் கோர்ட் தெருவில் சார்லஸ் வில்லியம்ஸ் நடத்திய மின்கருவிப் பட்டறை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் திரும்ப வரும்.

1859 இல் ஹோம்ஸ் நியூயார்க்குக்குக் கடையை மாற்றினார். பணக்காரர்களும் திருடர்களும் ஒருசேரக் குவிந்த ஊர். அவர் விற்ற அலாரத்தின் மணி எஜமானரின் படுக்கையறையில் இருக்கும். பக்கத்திலேயே ஒரு அறிவிப்புப் பலகை. எந்த அறையின் ஜன்னல் திறக்கப்பட்டது என்று அதில் தெரியும். 1860களில் இது பெரிய வித்தைதான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நடுராத்திரி மணி அடிக்கிறது. சமையலறை ஜன்னல் என்று பலகை காட்டுகிறது. அப்புறம்? எழுந்து போய்ப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். வீட்டில் யாரும் இல்லாவிட்டால் மணி சுவருக்குத்தான் அடிக்கும். கோடையில் பணக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரை ஊர்களுக்குப் போய்விடுவார்கள். திருடனுக்குத் தோதான சமயத்தில்தான் அலாரம் உதவாமல் போனது.

ஓடி வரும் பையன்கள்

இதற்கு விடை நியூயார்க் பங்குச் சந்தைப் பக்கமிருந்து வந்தது. எட்வர்ட் கேலஹன் என்பவர் 1867 இல் ஸ்டாக் டிக்கரைக் கண்டுபிடித்தவர். பங்கு விலையைக் காகிதச் சுருளில் அச்சிட்டுத் தள்ளும் தந்திக் கருவி அது. அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் தலைவர் வீட்டில் ஒருநாள் திருடன் புகுந்துவிட்டான். அதன் பிறகு கேலஹன் ஒரு ஏற்பாடு செய்தார். அக்கம்பக்கத்து வீடுகள் 50ஐ வயரால் இணைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னப் பெட்டி. கைப்பிடியைத் திருகினால் அந்த வீட்டுக்கான எண் ஒரு பொது நிலையத்தில் தந்திக் குறியாக விழும். அங்கே பையன்கள் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். எண்ணைப் பார்த்ததும் ஓடுவார்கள்.

1870களின் தொடக்கத்தில் இந்தப் பெட்டி பரவியது. போலீஸ் வேண்டுமா, தீயணைப்பு வேண்டுமா, கடிதம் கொண்டுபோக ஆள் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தது. இப்படிப் பல ஊர்களில் முளைத்த நிறுவனங்கள் சேர்ந்து 1874 இல் அமெரிக்கன் டிஸ்ட்ரிக்ட் டெலிகிராஃப் ஆயின. இன்றைக்கு அமெரிக்க வீட்டு வாசல்களில் நீல எண்கோணப் பலகையில் தெரியும் ஏ.டி.டி. அதுதான். பெயருக்குள் இன்னமும் தந்தி இருக்கிறது. தந்தி எப்போதோ போய்விட்டது.

கேலஹனின் பெட்டியைத் திருக வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஹோம்ஸின் விசை தானாக வேலை செய்யும், ஆனால் வெளியே சொல்லாது. இரண்டையும் சேர்த்தால் இன்றைய அலாரம். கதவு தானாகச் சொல்லும், சேதி தொலைவில் இருக்கும் நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து ஆள் வருவார். ஹோம்ஸின் நிறுவனமும் வங்கிகள், நகைக்கடைகளின் பெட்டகங்களிலிருந்து மத்திய நிலையத்துக்கு வயர் இழுத்தது. 1870களிலேயே இந்த வடிவம் தேறிவிட்டது. அதன் பிறகு வந்ததெல்லாம் இதன் மேல் செய்த மராமத்துதான்.

பகலில் தொலைபேசி, இரவில் அலாரம்

சார்லஸ் வில்லியம்ஸின் பட்டறைக்குத் திரும்புவோம். திருட்டு மணி செய்த அதே இடத்தில்தான் தாமஸ் வாட்சன் என்ற இளைஞர் வேலை பார்த்தார். 1875 இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் அவரை வைத்துக்கொண்டு சோதனை நடத்தியதும் அங்கேதான். தொலைபேசி பிறந்துவிட்டது. ஆனால் ஒரு போனிலிருந்து எந்தப் போனுக்கு வேண்டுமானாலும் இணைப்பு மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு நிலையம் வேண்டும். பல கட்டடங்களிலிருந்து வயர்கள் ஒரே அறைக்கு வந்து சேரும் இடம் பாஸ்டனில் ஏற்கெனவே யாரிடம் இருந்தது? அலாரக்காரரிடம்.

1877 மே மாதம் ஹோம்ஸின் மகன் எட்வின் தாமஸ் ஹோம்ஸ், பாஸ்டன் வாஷிங்டன் தெரு அலுவலகத்தில் சில வாடிக்கையாளர்களின் அலார வயர்களில் பெல்லின் போன்களை மாட்டி, நடுவில் ஒரு சுவிட்ச் பலகை வைத்தார். இரண்டு வங்கிகள், ஒரு தரகு நிறுவனம், வில்லியம்ஸின் பட்டறை எல்லாம் அதில் இருந்தன. பகலில் பேசிக்கொள்ளலாம். ராத்திரி கடை மூடியதும் அதே வயர் திருடனுக்குக் காவல். முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் நியூ ஹேவன் நிலையம் திறந்தது 1878 ஜனவரியில்தான்.

அலார வயரில் தொற்றிக்கொண்டுதான் தொலைபேசி இணைப்பகம் நடை பழகியது. பிறகு அது வளர்ந்து பெரிய ஆளாகி, அலாரம் அதன் வயரில் தொற்றிக்கொண்டது. கடைசியில் 2022 இல் தொலைபேசி நிறுவனம் 'இந்தப் பாதையை மூடுகிறேன், நீ வேறு வழி பார்த்துக்கொள்' என்றது.

வயரை அறுத்தால்?

போப்பின் மணியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வயரை முன்கூட்டியே அறுத்துவிட்டால் மணி அடிக்காது. திருடர்களுக்கு இது புரிய அதிக நாள் ஆகியிருக்காது. மாற்று, சுற்றைத் தலைகீழாக்குவது. கதவு சாத்தியிருக்கும்போது மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கதவு திறந்தாலும் வயர் அறுந்தாலும் ஓட்டம் நிற்கும், நின்றால் மணி அடிக்கும். மூடிய சுற்று என்று இதற்குப் பெயர். அப்படியானால் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால்? கதவு சாத்தியே இருப்பதாக பேனல் நினைத்துக்கொள்ளும். அதற்கும் மருந்து உண்டு. வயரின் கடைசி முனையில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மின்தடையை வைப்பது. ஓட்டம் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. ரெசிஸ்டர் என்று கடையில் கேட்டால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாமான்.

சில இடங்களில் இந்த ரெசிஸ்டரைக் கதவுப் பக்கம் வைக்காமல், வேலை சுலபம் என்று பேனல் பெட்டிக்குள்ளேயே வைத்து முடித்துவிடுகிறார்கள். அங்கே வைத்தால் வயரை யார் முறுக்கினாலும் பேனலுக்குத் தெரியாது. வைத்ததும் வைக்காததும் ஒன்று. புதிய அலாரம் பொருத்த வருபவரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் எப்படி விடை சொல்கிறார் என்பதிலேயே தொழில் தெரிந்துவிடும்.

கதவில் வைக்கும் விசை 1930களில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் 1936 இல் ரீட் சுவிட்சைக் கண்டுபிடித்தார். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு உலோகத் தகடுகள். காந்தம் கிட்டே வந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். கதவில் காந்தம், நிலையில் சுவிட்ச். தூசி போகாது, துரு பிடிக்காது. அதனால் பல ஆண்டுகள் உழைக்கும். பழைய வீடுகளில் பேனல் மூன்று தலைமுறை மாறியிருக்கும், கதவில் இருக்கும் ரீட் சுவிட்ச் மட்டும் முதல் நாள் வைத்ததாகவே இருக்கும்.

1966: ஒரு தீர்ப்பு, ஒரு விண்ணப்பம்

வீட்டில் மணி அடித்தால் யார் வருவார்கள் என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பணத்தைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. கிரின்னல் என்ற நிறுவனம் குழாய்களும் தீயணைக்கும் தெளிப்பான்களும் செய்து வந்தது. அது மெல்ல மெல்ல ஏ.டி.டி., ஹோம்ஸ், ஏ.எஃப்.ஏ. ஆகிய மூன்று அலார நிறுவனங்களையும் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் அங்கீகரித்த மத்திய நிலையச் சேவையில் இந்த மூன்றின் பங்கு சேர்த்து 87 சதவீதம். ஏ.டி.டி. மட்டுமே 73. 1966 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஏகபோகம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க இன்றும் எடுக்கும் வழக்கு இது. பாடம் திருட்டு மணியைப் பற்றியது என்பதைப் பலர் மறந்திருப்பார்கள்.

அதே 1966 ஆகஸ்டில் நியூயார்க் குவீன்ஸில் ஜமைக்கா பகுதியைச் சேர்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினச் செவிலியர் ஒரு காப்புரிமை விண்ணப்பம் போட்டார். கணவர் ஆல்பர்ட் பிரவுன் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். இருவருக்கும் வேலை நேரம் ஒத்துவராது. மேரி பல ராத்திரிகள் தனியாக இருப்பார். அந்தப் பகுதியில் குற்றம் அதிகம், போலீஸைக் கூப்பிட்டால் வரத் தாமதமாகும். ஆகவே கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள், அவற்றின் பின்னால் மேலும் கீழும் நகரும் ஒரு கேமரா, படுக்கையறையில் டி.வி. திரை, வாசலில் நிற்பவரோடு பேச மைக், எழுந்து போகாமலே கதவைத் திறக்க ஒரு பொத்தான், ஆபத்து என்றால் காவலரை அழைக்க இன்னொன்று. 1969 டிசம்பர் 2 இல் 3482037 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது.

இன்றைக்கு வாசலில் மாட்டும் வீடியோ பெல்லின் ஆதி வடிவம் இது என்று கட்டுரைகளில் எழுதுவார்கள். சரிதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மத்திய நிலையச் சேவை அப்போது பெரும்பாலும் வங்கிக்கும் நகைக்கடைக்கும் கிடங்குக்கும்தான். ஒரு செவிலியரின் வீட்டுக்கு யாரும் ஓடி வர மாட்டார்கள். வருவதற்கு ஆள் இல்லை என்ற நிலையில், வருகிறவன் யார் என்று தானே பார்த்துக்கொள்ள அவர் கண்ணைக் கண்டுபிடித்தார். அலாரம் காது, கேமரா கண்.

பொய் மணிகள்

1970களுக்குப் பிறகு மைக்ரோசிப் வந்தது. பேனல் தானாகவே போன் போட்டு, டோன் ஒலிகளாக நிலையத்துக்குச் சேதி சொல்லக் கற்றுக்கொண்டது. தனி வயர் இழுக்க வேண்டியதில்லை, வீட்டு போன் வயரே போதும். விலை இறங்கியது. சாதாரண வீடுகளும் வாங்கின. கூடவே உடல் வெப்பத்தை வைத்து அசைவைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். சென்சார் வந்தது. அறை மூலையில் மேலே மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டி அதுதான்.

வாங்கியவர்கள் பெருகினார்கள், பொய் மணியும் பெருகியது. 2002 இல் அமெரிக்கப் போலீஸ் சுமார் 3.6 கோடி அலார அழைப்புகளுக்குப் போனதாகவும், அதற்கு 180 கோடி டாலர் செலவானதாகவும் ஒரு மதிப்பீடு உண்டு. அவற்றில் 94 முதல் 98 சதவீதம் பொய். எண்ணை மறந்த தாத்தா, ஜன்னல் திரையை ஆட்டிய காற்று, சென்சார் கண்ணாடி மேல் ஊர்ந்த பூச்சி, சரியாகச் சாத்தாத பின்கதவு.

புலி வருது கதைதான். சால்ட் லேக் சிட்டி போலீஸ் 2000 டிசம்பரில் ஒரு முடிவெடுத்தது. தனியார் காவலரோ வேறு யாரோ நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் வருவோம். வெறும் மணிக்கு வர மாட்டோம். பிரிட்டனிலும் ஒரு சென்சார் மட்டும் தட்டினால் போதாது, வேறொரு சென்சாரும் சேர்ந்து தட்டினால்தான் போலீஸுக்குச் சேதி போகும் என்ற விதிமுறை வந்தது.

அலாரத்தால் பயன் உண்டா என்பதிலேயே ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. நியூ ஜெர்சியின் நூவார்க் நகரத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு, அலாரம் உள்ள வீடுகளில் திருட்டு குறைகிறது, அது பக்கத்து வீட்டுக்கும் நகர்வதில்லை என்றது. இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வோ, அலாரம் மட்டும் வைத்த வீடுகளுக்குப் பெரிய பாதுகாப்பு தெரியவில்லை என்றது. ஜன்னல் பூட்டு, இரட்டைக் கதவுப் பூட்டு, உள்ளே நேரம் வைத்து எரியும் விளக்கு, வெளியே அசைவுக்கு எரியும் விளக்கு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் நன்றாக வேலை செய்கிறது என்பது அவர்கள் முடிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால், யாரும் வராத இடத்தில் மணிக்கு மதிப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பூட்டுக்கு யாரும் வர வேண்டியதில்லை, அது தானே நிற்கும்.

பாதை மூடும் காலம்

போன் வயரை அறுத்துவிட்டால் பேனலால் பேச முடியாது என்பதால் செல்போன் மோடத்தை உள்ளே வைத்தார்கள். அங்கேதான் புதிய தலைவலி ஆரம்பம். அமெரிக்காவில் அனலாக் செல்போன் சேவையை நடத்த வேண்டிய கட்டாயம் 2008 பிப்ரவரியில் முடிந்தது. பேனல்களின் ரேடியோவை மாற்றினார்கள். ஏடி அண்ட் டி 2016 கடைசியோடு 2ஜியை மூடியது. மறுபடி மாற்றினார்கள். 2022 இல் 3ஜி. மறுபடியும். 14 வருஷத்தில் மூன்று முறை. ஹோம்ஸ் இழுத்த வயர்கள்கூட இதைவிட நாள்பட உழைத்திருக்கும்.

பிரிட்டனில் இப்போது பழைய செம்பு வயர்த் தொலைபேசிக்கே நாள் குறித்துவிட்டார்கள். 2025 கடைசி என்று சொன்னதை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். செம்பு வயரில் இன்னொரு வசதி இருந்தது. இணைப்பகமே மின்சாரத்தையும் அனுப்பும், வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். ஃபைபரில் அது இல்லை. மோடம் அணைந்தால் அலாரமும் ஊமை.

நம் ஊரிலும் இந்த நாள் வரத்தான் போகிறது. இங்கே விற்கும் சிம் கார்டு அலாரங்களில் 2ஜி மோடம் வைத்தவை உண்டு. ஜியோவில் 2ஜியே கிடையாது. விலை மலிவு என்று வாங்கி ஜியோ சிம்மைப் போட்டால் முதல் நாளே சேதி போகாது. 4ஜி வேலை செய்யுமா என்பதைப் பெட்டியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாற்றுகிறவர்களுக்கு

இந்த வரலாற்றிலிருந்து நேராகக் கிடைக்கும் பாடங்கள் சில உண்டு.

வயர் இழுத்த பழைய வீடாக இருந்தால் வயரையும் கதவு சுவிட்சுகளையும் பிடுங்கி எறியாதீர்கள். எல்லாவற்றையும் வயர்லெஸ் ஆக்கிவிடலாம் என்று விற்பவர் சொல்வார். வயர்லெஸ் சென்சார் ஒவ்வொன்றுக்கும் பேட்டரி மாற்ற வேண்டும், ரேடியோ அலையை ஜாம் செய்யவும் முடியும். பழைய சுவிட்சுகள் பெரும்பாலும் புதிய பேனலோடும் ஒத்துப்போகும். மாற்ற வேண்டியது மூளையும் வாயும்தான். வயரின் மறுமுனை எங்கே போகிறது என்று கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சேதி போக இரண்டு பாதை வேண்டும்: ஒன்று இன்டர்நெட், ஒன்று சிம். மோடத்தைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கிற பேனலாகப் பாருங்கள். அடுத்த முறை பாதை மூடும்போது முழுப் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டியிருக்காது.

பி.ஐ.ஆர். சென்சார், சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் இருக்கும் வெப்ப வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. மே மாதம் பூட்டிக் கிடக்கும் சென்னை வீட்டில் அறை வெப்பமே 36, 37 டிகிரிக்குப் போய்விடும். மனிதனும் சுவரும் அதன் கண்ணுக்கு ஒன்றாகிவிடுவார்கள். வெப்பத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வகையோ, மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை வகையோ வாங்குவது நல்லது. ஜன்னல் வெயிலுக்கு நேராகவும் ஏ.சி.க்கு எதிராகவும் மாட்டக் கூடாது.

பேனலுக்குள்ளே 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். அது மூன்று முதல் ஐந்து வருஷம்தான் தாங்கும். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். பொருத்தியவர் வைத்த 'இன்ஸ்டாலர் கோட்' எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் நாளைக்கு வேறு ஆளை வைத்து ஒரு சென்சாரைக்கூடச் சேர்க்க முடியாது.

ஈடு கட்டுவது யார்?

கடைசியாக ஒப்பந்தம். மாதச் சந்தா வாங்கும் கண்காணிப்பு நிறுவனங்களின் ஒப்பந்தத்தைப் பொடி எழுத்து வரை படித்தால் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். திருட்டு நடந்தால் எங்கள் பொறுப்பு இன்ன சிறு தொகைக்கு மேல் இல்லை, நாங்கள் காப்பீட்டாளர் அல்ல.

காசு வாங்கிக்கொண்டு காவல் காப்பது நமக்கும் பழைய விஷயம்தான். பாடிகாவல் என்ற வரி சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே வருகிறது. பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் காவல்காரருக்குக் களத்து மேட்டிலேயே தானியம் அளந்துவிடுவார்கள். அந்த ஏற்பாட்டின் அடிப்படை, களவு போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும் என்பது. அதை அப்படியே போற்றவும் முடியாது. காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு போகும் என்ற மிரட்டலும் அதற்குள் இருந்தது. கம்பெனி ஆட்சி அதை ஒழித்துவிட்டுத் தன் போலீஸைக் கொண்டுவர முனைந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படாமல் போகாது. காவல்காரர் விற்றது பொறுப்பை. அலாரம் நிறுவனம் விற்பது சேதியை. சேதி வந்த பிறகு நடப்பது உங்கள் பாடு, ஊர்ப் போலீஸின் பாடு.

அந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், மீதிப் பொறுப்பை எங்கே வைப்பது என்று நீங்களே தீர்மானிக்கலாம். நகையை வங்கி லாக்கரில் வைக்கலாம், வீட்டுக்குக் காப்பீடு எடுக்கலாம், ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுக்கலாம், காவல் நிலையத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவைக்கலாம். தமிழ்நாட்டுப் போலீஸ் இதைத்தான் எல்லா விடுமுறைக்கும் சொல்கிறது.

புதிய அலாரம் பொருத்தி முடித்து, வேலைக்காரர் கையெழுத்துக் கேட்டு நீட்டும்போது, உடனே போட்டுவிடாதீர்கள். நிலையத்துக்குச் சோதனை என்று முதலில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பொய் மணிக் கணக்கில் ஒன்று கூடும். பிறகு வீட்டு இன்டர்நெட் மோடத்தை அணைத்துவிட்டு, அலாரத்தைப் போட்டுவிட்டு, பின்கதவைத் திறந்து கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிஷத்தில் போன் வருகிறது, யாருடைய போனுக்கு வருகிறது, எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுகிறார்கள், அவர் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறார். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடலாம்.